தபஜோஸ் ஆற்றின் வெண்மணல்: ஆல்தெர் தோ ஷாவுக்குப் புதிதாகச் செல்வோர் திட்டமிடும் முறை

பிரேசிலின் வடக்கே, பாரா மாநிலத்தில், தபஜோஸ் ஆறு அமேசானோடு சேர்வதற்குச் சிறிது தொலைவு முன்னால், அதன் வலக்கரையில் ஆல்தெர் தோ ஷாவ் என்னும் சிற்றூர் இருக்கிறது. அது போராரிப் பழங்குடி மக்களின் ஊர். பதினெட்டாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் தங்கள் நாட்டிலுள்ள ஓர் ஊரின் பெயரை அதற்கு இட்டனர். கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே, மழைக்காட்டின் நடுவில், வெண்மணல் பரந்த கரையும் உப்பில்லாத தெளிந்த நீரும் ஒருங்கே கிடைக்கும் இடம் என்பதால் அங்கே செல்ல விரும்புவோர் பலர். தமிழ்நாட்டிலிருந்து அங்கே போவது நீண்ட பயணம், செலவும் மிகுதி. ஆகவே ஏற்பாடுகளைச் சரியான வரிசையில் செய்வது அவசியம். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

பெரும்பாலோர் விடுமுறை கிடைக்கும் நாளைப் பார்த்து விமானச் சீட்டு வாங்கிவிட்டு, அதன் பிறகே ஊரைப் பற்றிப் படிக்கத் தொடங்குகின்றனர். ஆல்தெர் தோ ஷாவைப் பொறுத்தவரை இந்த வரிசை தவறானது. ஆற்றின் நீர்மட்டம் ஓர் ஆண்டுக்குள் பல மீட்டர் ஏறி இறங்குகிறது; அந்த ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து நீங்கள் காணப்போவது மணற்கரையா, நீரில் மூழ்கிய காடா என்பது மாறிவிடும்.

இதற்கான காரணத்தை அறிந்துகொண்டால் மாதத்தைத் தேர்வது எளிது. தபஜோஸ் பழமையான பாறை நிலத்தின் மீது ஓடி வருவதால் அதில் வண்டல் குறைவு. நீர் பச்சையும் நீலமும் கலந்து தெளிவாக இருக்கும். ஆனால் அதன் கீழ்ப்பகுதி ஓடும் ஆறு என்பதைவிட ஓர் அகன்ற ஏரி போன்றது. ஆண்டின் முதற்பாதியில் அமேசான் வெள்ளத்தால் நிறையும்போது, அந்த வெள்ளம் தபஜோசின் வாயை அணைபோல் தடுத்து நீரைத் தேக்குகிறது. எனவே ஊரில் கனமழை பெய்யும் ஜனவரி முதல் மே வரையிலான மாதங்களில் ஏறத் தொடங்கும் நீர், மே இறுதியிலோ ஜூனிலோதான் உச்சத்தை எட்டுகிறது. மழை குறைந்த பிறகும் கரை வெளிப்படுவதற்குச் சில வாரங்கள் ஆகும்.

ஊருக்கு நேரெதிரே, வெர்தே ஏரியின் வாயில், 'அன்புத் தீவு' என்று பொருள்படும் இல்யா தோ அமோர் என்ற மணல்திட்டு உண்டு. படங்களில் நாம் காண்பது பெரும்பாலும் அதைத்தான். ஆகஸ்டில் அது மெல்ல எழுந்து, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மிகவும் அகன்று கிடக்கும். மே, ஜூனில் சென்றால் அத்திட்டில் உள்ள சிற்றுண்டிக் குடில்களின் ஓலைக் கூரைகள் மட்டுமே நீருக்கு மேல் தெரியும். ஏமாற்றம் அடைந்து திரும்புவோர் இதை அறியாமல் சென்றவர்களே.

மணலும் குளியலும் நோக்கமென்றால் ஆகஸ்ட் நடுப்பகுதி முதல் அக்டோபர் தொடக்கம் வரை செல்வதே என் பரிந்துரை. நவம்பரில் கரை இன்னும் அகலமாக இருக்கும் என்று சிலர் சொல்வர், அது உண்மையே. ஆனால் 2023-லும் 2024-லும் கடும் வறட்சி வந்தபோது நீர் அளவுக்கு மீறி வற்றி, கரையோரக் கிராமங்களுக்குப் படகுகள் செல்ல இயலாமல் போயிற்று. சுற்றுவட்டாரக் காட்டுத்தீயின் புகை அப்பகுதியின் மீது கவிந்தது. உடன் வருவோரில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் ஆண்டின் கடைசி மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. காட்டையும் பறவைகளையும் காண விரும்புவோருக்கு மே, ஜூன் மாதங்களே சிறந்தவை. அப்போது வெர்தே ஏரியின் ஓரத்திலுள்ள காடு மூழ்கி நிற்க, துடுப்புப் படகில் மரக்கிளைகளுக்கு இடையே அமைதியாகச் செல்லலாம். இப்படி நீரில் நிற்கும் காட்டை அங்கே இகபோ என்கின்றனர்.

செப்டம்பரில் சாயிரே என்னும் திருவிழா நடைபெறுகிறது. ரிப்பன்கள் கட்டிய அரைவட்ட மரச்சின்னத்தை ஏந்திச் செல்லும் ஊர்வலமும் வழிபாடும் ஒருபுறம். ஆற்று ஓங்கில்களின் (டால்பின்களின்) பெயரால் இரு அணிகள் ஆடிப்பாடிப் போட்டியிடும் இரவு நிகழ்ச்சி மறுபுறம். காண வேண்டிய விழா. ஆனால் அந்த நாட்களில் அறை கிடைப்பது அரிது, கிடைத்தாலும் வாடகை பன்மடங்கு. விழாவைக் காண விரும்பினால் பல மாதங்களுக்கு முன்பே அறையை உறுதி செய்துகொள்ளுங்கள்; அமைதியை விரும்பினால் அந்த வாரத்தை விட்டு விலகிச் செல்லுங்கள். ஆண்டின் கடைசி வாரத்துக்கும் இதே அறிவுரைதான்.

விசாவும் தடுப்பூசியும்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் புறப்படும் முன்பே பிரேசில் விசா பெற வேண்டும். பிரேசிலின் தூதரகம் புதுதில்லியிலும் துணைத் தூதரகம் மும்பையிலும் உள்ளன. விண்ணப்பத்துக்கான ஆவணப் பட்டியலை அவற்றின் அதிகாரபூர்வத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணங்களும் விதிகளும் மாறக்கூடியவை. அமெரிக்கா வழியாக விமானம் மாறினால், வெளியே செல்லாவிட்டாலும் அந்நாட்டு விசாவும் தேவைப்படும். எனவே மலிவாகத் தெரிகிறது என்பதற்காக அந்த வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

விசாவைவிட அதிகமாக மறக்கப்படுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அமேசான் பகுதிக்குச் செல்வோருக்கு உடல்நலம் கருதியே அது வேண்டும். அதற்கும் மேலாக, மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் இந்திய அரசு பிரேசிலை வைத்திருப்பதால், சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து திரும்புவோரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்த முடியும். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். பிறகு வாழ்நாள் முழுவதும் செல்லும். ஊசியை எல்லா மருத்துவமனைகளிலும் போட மாட்டார்கள். அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போட்டு மஞ்சள் நிறச் சான்றேட்டில் பதிவு செய்து தருவார்கள். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையம் அத்தகைய மையங்களுள் ஒன்று. முன்பதிவுக்குக் காத்திருக்க நேரலாம் என்பதால் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே இதை முடித்துவிடுங்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும், கருவுற்றிருப்போரும், அறுபது வயதைக் கடந்தவர்களும் மருத்துவரிடம் கலந்து பேசாமல் போட்டுக்கொள்ளக் கூடாது. மலேரியா மாத்திரை பற்றியும் அதே சந்திப்பில் கேட்டுவிடலாம்.

ஊர் போய்ச் சேரும் வழி

தமிழ்நாட்டிலிருந்து தோஹா அல்லது துபாய் வழியாக சாவோ பாலோ சென்று, அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் பிரசிலியா, பெலெம், மனவுஸ் ஆகியவற்றுள் ஒன்றின் வழியாக சந்தாரெம் நகரை அடைவது வழக்கமான பாதை. இரண்டையும் ஒரே நாளில் நெருக்கமாகக் கோத்துச் சீட்டு வாங்காதீர்கள். நெடும்பயண விமானம் தாமதமானால், தனியாக வாங்கிய உள்நாட்டுச் சீட்டு வீணாகிவிடும். சாவோ பாலோவில் ஓர் இரவு தங்குவதற்கு ஆகும் செலவு அந்த இழப்பைவிடக் குறைவு.

சந்தாரெமிலிருந்து ஆல்தெர் தோ ஷாவ் ஏறக்குறைய 37 கிலோமீட்டர். தார்ச்சாலை நன்றாகவே உள்ளது. நகரிலிருந்து பேருந்து உண்டு. ஆனால் விமான நிலையம் நகரத்துக்கு வெளியே இருப்பதால், மூட்டை முடிச்சுகளோடு வருவோர் வாடகைக் காரில் நேரே ஊருக்குச் செல்வதே வசதி. ஏறும் முன் கட்டணத்தைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

நேரம் உள்ளவர்கள் ஒரு பாதியையாவது ஆற்று வழியாகச் செல்லலாம். மனவுஸிலிருந்து சந்தாரெமுக்கு நீரோட்டத்தோடு வரும் பயணிகள் படகு ஏறத்தாழ ஒன்றரை நாள் எடுக்கும். பெலெமிலிருந்து எதிர்நீரில் வருவதற்கு அதைவிட அதிகம் ஆகும். இந்தப் படகுகளின் மேல்தளத்தில் பயணிகள் தங்கள் தூளியைத் தாங்களே கட்டிக்கொண்டு உறங்குகின்றனர். தூளி, இரண்டு முழம் கயிறு, இரவுக் குளிருக்கு ஒரு போர்வை ஆகியவற்றைத் துறைமுகத்துக்கு அருகிலுள்ள கடைகளில் வாங்கலாம். புறப்படும் நேரத்துக்குப் பல மணி நேரம் முன்பே சென்று, கழிவறையிலிருந்தும் இயந்திரத்திலிருந்தும் தள்ளிய இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டையும் பணத்தையும் உடலோடு ஒட்டிய பையில் வைத்து உறங்குவது நல்லது. சந்தாரெமில் இறங்கியதும் கரையோரம் சிறிது நேரம் நில்லுங்கள்: மண்ணிற அமேசானும் பச்சைநீலத் தபஜோசும் கலவாமல் அருகருகே ஓடுவது அங்கிருந்தே தெரியும்.

தங்குமிடமும் பணமும்

ஊரின் சதுக்கத்தைச் சுற்றிப் பொசாடா எனப்படும் சிறு விடுதிகள் நிறைய உள்ளன. குறைந்த செலவில் தங்க விரும்புவோருக்குத் தூளி கட்டும் கூடங்களும் உண்டு. சதுக்கத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் அறை எடுப்பது நல்லது. படகுத்துறை, கடை, உணவகம் அனைத்தும் அங்கேயே இருப்பதால் வண்டி தேவைப்படாது. ஐந்து இரவுகளுக்குக் குறைவாகத் தங்குவதற்கு இவ்வளவு தொலைவு செல்வது பொருத்தமில்லை என்பது என் கருத்து. பயணக் களைப்பு நீங்கவே ஒன்றரை நாள் ஆகிவிடும். இந்திய நேரத்துக்கும் அங்குள்ள நேரத்துக்கும் எட்டரை மணி வேறுபாடு.

பணத்தைப் பெருநகரிலேயே பிரேசில் நாணயமான ரெயாலாக மாற்றி எடுத்துச் செல்லுங்கள். பிரேசில் மக்கள் பிக்ஸ் என்னும் செல்பேசிப் பணமாற்று முறையை எங்கும் பயன்படுத்துகின்றனர். ஆனால் அந்நாட்டு வங்கிக் கணக்கு இல்லாத நமக்கு அது பொதுவாகக் கைகொடுக்காது. விடுதிகளில் அட்டை செல்லும்; துடுப்புப் படகுக்காரரிடமும் காட்டுக் கிராமங்களிலும் சில்லறையாகப் பணம் வேண்டும். பாரா மாநிலத்தில் மின்னழுத்தம் பெரும்பாலும் 127 வோல்ட்; மின்செருகியின் வடிவமும் வேறு. மாற்றுச் செருகி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். செல்பேசி மின்னேற்றியில் இரு மின்னழுத்தங்களுக்கும் உரிய குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஊரிலிருந்து கொண்டுபோகும் வெந்நீர்க் கெண்டி அங்கே மிக மெதுவாகவே சூடாகும்.

ஆங்கிலம் அறிந்தவர் குறைவு. வணக்கம், நன்றி, விலை என்ன, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் ஆகிய நான்கையும் போர்த்துகீசிய மொழியில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வி படகில் ஏறும் ஒவ்வொரு முறையும் தேவைப்படும்.

ஊரில் முதல் இரண்டு நாட்கள்

முதல் நாள் எங்கும் தொலைவாகச் செல்ல வேண்டாம். காலையில் இல்யா தோ அமோருக்குச் செல்லுங்கள். கத்ராயா என்னும் சிறு துடுப்புப் படகுகள் சில நிமிடங்களில் அக்கரை சேர்க்கும். நீர் மிகவும் வற்றிய மாதங்களில் நடந்தே கடப்போர் உண்டு. ஆனால் ஆழம் நாளுக்கு நாள் மாறும் என்பதாலும் துடுப்பு வலிப்போரின் பிழைப்பு அது என்பதாலும் படகில் செல்வதையே நான் விரும்புகிறேன். ஊர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில், தெற்கே ஏறத்தாழ இரண்டரைப் பாகையில் இருப்பதால் பத்து மணிக்கே மணல் காலைச் சுடும். திட்டின் பின்புறம் எழும் பிரவோக்கா குன்றில் ஏற விரும்பினால் விடியலிலோ மாலை நான்கு மணிக்கு மேலோ செல்லுங்கள். வழியில் நிழல் மிகக் குறைவு. உச்சியிலிருந்து ஊரும் ஏரியும் ஆறும் ஒருசேரத் தெரியும்.

இரண்டாம் நாள் படகில் சுற்றி வரலாம். கரையோரத்தில் படகுக்காரர் சங்கத்தினர் அமர்ந்திருப்பர். விசைப்படகை மற்றப் பயணிகளோடு பகிர்ந்துகொண்டால் செலவு குறையும். மாலையில் குருரு முனை என்னும் நீண்ட மணல் நாக்கில் இறங்கிச் சூரிய மறைவைக் காண்பது வழக்கம். கண்ணுக்கு எட்டிய தொலைவு நீராக இருக்க, மறுகரை மெல்லிய கோடாகத்தான் தெரியும். ஓங்கில்கள் அவ்வப்போது மேலெழுந்து மூச்சுவிடும். அவற்றுக்கு மீன் போட்டு அருகில் இழுக்கும் படகை ஊக்குவிக்காதீர்கள். அமேசான் பக்கமுள்ள ஜரி கால்வாய்க்கும் படகுகள் செல்கின்றன. தேவாங்கு போல் மெதுவாக நகரும் சோம்பல் விலங்கு, இகுவானா என்னும் பெரிய பல்லி, பறவைகள் ஆகியவற்றை அங்கே காணலாம். அங்கு நீர் கலங்கலானது, கொசுவும் அதிகம். முழுக்கைச் சட்டை அணியுங்கள்.

காட்டுக்குள் ஒரு நாள்

மணலோடு திரும்பிவிடுவோரைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1974-இல் அறிவிக்கப்பட்ட தபஜோஸ் தேசிய வனம் ஐந்து லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்புடையது. அதன் கரையோரக் கிராமங்களான மகுவாரியும் ஜமராக்குவாவும் ஆல்தெரிலிருந்து சாலை வழியாகவும் படகு வழியாகவும் எட்டக்கூடியவை. கிராமத்தைச் சேர்ந்த வழிகாட்டி இல்லாமல் காட்டுப் பாதையில் செல்ல முடியாது. இந்த விதியை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். பாதுகாப்புக்காக மட்டும் அன்று, அந்தக் காட்டைக் காத்து வாழ்வோருக்கு வருமானம் கிடைப்பதற்காகவும். அனுமதி முறைகளைப் படகுக்காரரோ வழிகாட்டியோ முன்கூட்டியே கவனித்துக்கொள்வார். முந்தைய நாளே சொல்லி வைத்தால் போதும்.

நடைபாதை ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் நீளும். அரைநாளுக்கு மேல் ஆகும். நடையின் இறுதியில் சமவுமா என்னும் பெருமரத்தைக் காட்டுவர். பலகை போல் விரிந்த வேர்களுக்கு முன் நிற்கும் மனிதர் சிறு குழந்தை போலத் தெரிவார். அது வேறொன்றும் அன்று, நம் தலையணைக்குப் பஞ்சு தரும் இலவமரமே. மூடிய காலணி, காலுறைக்குள் செருகக்கூடிய நீண்ட காற்சட்டை, ஆளுக்கு இரண்டு லிட்டர் நீர் ஆகியவை கட்டாயம். வழிகாட்டி தொட்டுக் காட்டாத எந்த மரத்தையும் தொடாதீர்கள். முடிந்தால் ஓர் இரவு கிராமத்திலேயே தூளியில் தங்குங்கள். உணவும் அவர்களே சமைத்துத் தருவர்.

இங்கே ரப்பர் மரத்தைப் பார்க்கும்போது தமிழர் சற்று நிற்க வேண்டும். 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இந்தத் தபஜோஸ் வட்டாரத்திலிருந்துதான் லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்றார். அங்கே முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது; பிறகு மலாயாவில் தோட்டங்கள் பெருகின; அந்தத் தோட்டங்களில் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்களில் பெரும்பான்மையோர் தமிழகத்திலிருந்து கப்பலேறிய நம் மக்கள். ஜமராக்குவாவில் இன்றும் சிலர் காட்டு மரங்களில் பால் எடுத்து, அதிலிருந்து அணிகலன்கள் செய்து விற்கின்றனர். நினைவுப் பொருள் வாங்குவதென்றால் இதையே வாங்குங்கள். சாலை வழியாகத் திரும்பும்போது பெல்தெர்ரா ஊரையும் பார்க்கலாம். ஃபோர்டு நிறுவனம் 1934-இல் ரப்பர் தோட்டத்துக்காக எழுப்பிய அமெரிக்கப் பாணி வீடுகள் அங்கே இன்னும் வரிசையாக நிற்கின்றன. அதே நிறுவனம் 1928-இல் தொடங்கிய ஃபோர்டுலாந்தியா ஆற்றின் மேல்பகுதியில் வெகுதொலைவில் உள்ளது. அதற்குத் தனியாக இரண்டு மூன்று நாட்கள் வேண்டும் என்பதால் முதல் பயணத்தில் சேர்க்க வேண்டாம்.

உணவு

மீன் உண்போருக்குக் குறைவே இல்லை. தம்பக்கி, துக்குனாரே, பிராருக்கு ஆகியவற்றைத் தணலில் சுட்டு, சோற்றோடும் மரவள்ளிப் பொரிமாவோடும் தருவர். மாலையில் சதுக்கத்தில் தக்காக்கா என்னும் சூடான சாற்றைச் சுரைக்குடுவையில் விற்பர். புளித்த மரவள்ளிச் சாற்றில் இறாலும், நாவை மரக்கச் செய்யும் ஜம்பு கீரையும் சேர்ந்தது அது. நம் புளிப்புச் சுவைக்குப் பழகிய நாக்குக்கு உடனே பிடித்துவிடும். மரக்கறி மட்டுமே உண்போர் முன்னேற்பாடு செய்ய வேண்டும்: அவரை விதைக் குழம்பில் பல இடங்களில் இறைச்சித் துண்டு கிடக்கும். 'செங் கார்னி, செங் பெய்ஷி' (இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்) என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஊறுகாயும் பருப்புப் பொடியும் பையில் இருந்தால் சோறு எங்கும் கிடைக்கும். குடிப்பதற்குப் புட்டி நீரே பாதுகாப்பானது.

ஆற்றில் கவனிக்க வேண்டியவை

புதியவர்கள் பிரானா மீனுக்கு அஞ்சுகின்றனர். உண்மையில் அஞ்ச வேண்டியது திருக்கைக்கு. முழங்கால் ஆழ நீரில் மணலுக்குள் புதைந்து கிடக்கும் ஆற்றுத் திருக்கையை மிதித்தால் வாலிலுள்ள முள்ளால் குத்திவிடும்; வலி கடுமையானது. கால்களைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்தபடி இழுத்து நடந்தால் அது விலகிச் சென்றுவிடும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் காலை அரைமணி நேரத்துக்கு மேல் வைத்திருந்து, பிறகு தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். ஊர்க் குழந்தைகள் குளிக்கும் இடத்தில் குளிப்பதும், இருட்டிய பின் நீரில் இறங்காமல் இருப்பதும் நல்ல பழக்கங்கள்.

வற்றுக்காலத்தில் பிற்பகலில் காற்று எழுந்தால் அகன்ற தபஜோசில் கடல்போல் அலையடிக்கும். தொலைதூரப் படகுப் பயணங்களைக் காலையிலேயே தொடங்குங்கள். உயிர்காப்பு மேலாடை ஆளுக்கு ஒன்று இல்லாத படகில் ஏறாதீர்கள்; படகுக்காரர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் இதில் தளரக் கூடாது. ஆவணங்களையும் கைபேசியையும் நீர்புகாப் பையில் வையுங்கள்.

சில ஆண்டுகளில் இந்தத் தெளிந்த நீரே கலங்கிவிடுகிறது. 2022 ஜனவரியில் ஆல்தெரின் நீர் பழுப்பாக மாறியபோது, ஆற்றின் மேல்பகுதியில் நடக்கும் சட்டவிரோதத் தங்கச் சுரங்கத் தொழிலே முக்கியக் காரணமென்று பிரேசில் கூட்டாட்சிக் காவல்துறையின் ஆய்வு சுட்டியது. அத்தொழிலில் பயன்படும் பாதரசம் மீன்களில் சேர்வதால் ஆற்றின் மேல்பகுதியிலுள்ள முந்துருக்குப் பழங்குடி மக்கள் பெரிதும் பாதிக்கப்பட்டுள்ளனர். சில நாட்கள் வரும் பயணிக்கு மீன் உண்பதால் பெரிய தீங்கு நேராது. ஆனால் கருவுற்றிருப்போர் பிற மீன்களைத் தின்று வாழும் பெரிய மீன்களைத் தவிர்ப்பது நல்லது. மணல்திட்டில் நீங்கள் கொண்டுசென்ற பிளாஸ்டிக் அனைத்தையும் திரும்ப எடுத்து வாருங்கள். அடுத்த வெள்ளம் அங்கே கிடப்பதையெல்லாம் ஆற்றுக்குள் இழுத்துச் சென்றுவிடும்.

திரும்பும்போது

சந்தாரெம் விமானத்துக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்பாக ஊரை விட்டுப் புறப்படுங்கள். விதை, மண், பறவை இறகு, உயிரினங்களின் உறுப்பு எதையும் பையில் வைக்காதீர்கள். இறகு பதித்த கைவினைப் பொருட்களுக்கும் பிரேசில் சட்டத்தில் தடை உண்டு. தடுப்பூசிச் சான்றேட்டைப் பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிடாமல், கடவுச்சீட்டோடு சேர்த்துக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இறங்கியதும் குடியேற்ற வரிசைக்கு முன்பாகவே சுகாதார அலுவலர் அதைக் கேட்கக்கூடும்.